அளவு நோட்டில் ஒரு சோலை

கோத்தகிரி கடைவீதியில் முப்பது வருடமாகத் தையல் கடை வைத்திருக்கிறேன். மேசை இழுப்பறையில் எப்போதும் இரண்டு நோட்டுகள் இருக்கும். ஒன்றில் வாடிக்கையாளர்களின் தோள், மார்பு, கை அளவுகள். இன்னொன்றில் மரக்கன்றுகளின் அளவுகள்: எந்த நாள் நட்டது, நடும்போது எத்தனை அங்குலம், இப்போது எத்தனை அங்குலம், உயிர் இருக்கிறதா இல்லையா. 2013-ல் தொடங்கிய அந்த நோட்டு இப்போது நான்காவது புத்தகத்தில் ஓடிக்கொண்டிருக்கிறது.

குன்னூரிலிருந்தும் கொடைக்கானலிலிருந்தும் அவ்வப்போது ஆட்கள் கேட்கிறார்கள்: "எங்கள் ஊரிலும் காட்டைச் சீர்செய்ய ஒரு குழு ஆரம்பிக்கப் போகிறோம். எவ்வளவு பணம் வேண்டும், கன்று எங்கே கிடைக்கும்?" இரண்டும் பிறகு வர வேண்டிய கேள்விகள். எந்த இடத்துக்கு, எந்த நாளில், யார் திரும்பத் திரும்பப் போகப்போகிறார்கள் என்பதுதான் முதலில் தெரிய வேண்டும். இது எனக்குப் புரிவதற்குள் ஒரு முழு வருடமும் ஏறக்குறைய 300 கன்றுகளும் பாழாயின. அதிலிருந்தே தொடங்குகிறேன்.

எங்கள் இடம் ஊரிலிருந்து நான்கு கிலோமீட்டர் தள்ளி, மலையின் மடிப்பில் ஒதுங்கிக் கிடக்கும் மூன்றரை ஏக்கர் சோலைத் துண்டு. மூன்று பக்கம் தேயிலை, மேல்பக்கம் புல் மேடு. சோலைக்குள் ஓர் ஊற்று. கீழே இருக்கும் ஹட்டி என்னும் படுகர் ஊருக்கும், அதற்கும் கீழே தேயிலைத் தொழிலாளர்கள் குடியிருக்கும் லைன் வீடுகளுக்கும் அந்தத் தண்ணீர்தான். மலை மடிப்பில் சோலை என்னும் குட்டையான பசுமை மாறாக் காடு, அதைச் சுற்றிய சரிவுகளில் புல்வெளி என்று இரண்டும் ஒட்டியே இருப்பதுதான் நீலகிரி, பழனி மலைகளின் உச்சிப் பகுதிகளுக்கு இயல்பு. மழையையும் மூடுபனியையும் வாங்கி வைத்துக்கொண்டு கோடை வரை மெல்ல மெல்ல விடுவதும் இந்த இரண்டும் சேர்ந்துதான். எங்கள் துண்டில் சோலையின் ஓரம் முழுவதையும் உண்ணிச்செடி தின்றிருந்தது. ஓடைக்கரையில் செஸ்ட்ரம் என்னும் அந்நியக் களைப்புதர். புல் மேட்டின் ஒரு பக்கத்தில் சீகை (வாட்டில்) மரங்கள்.

2013 ஜூன் 5, உலகச் சுற்றுச்சூழல் தினம். 62 பேர் வந்தார்கள். பேனர் கட்டினோம், உறுதிமொழி எடுத்தோம். ஒரு நர்சரியில் வாங்கிய 300 சில்வர் ஓக் கன்றுகளை அந்தப் புல் மேட்டில் வரிசையாக நட்டோம். எல்லோருக்கும் மனம் நிறைந்திருந்தது. பிப்ரவரியில் நானும் இன்னும் இரண்டு பேரும் போய் எண்ணினோம். உயிரோடு இருந்தவை 11.

ஏன் என்று அப்போது புரியவில்லை. அன்று ஹட்டியிலிருந்து எருமை ஓட்டிக்கொண்டு வந்த ஒரு பெரியவரிடம் கேட்டேன்.

"அந்த மேட்டில் எந்தக் காலத்திலும் மரம் இருந்ததில்லை, தம்பி. என் பாட்டன் காலத்திலும் அது புல்தான்" என்றார். பிறகு ஒரு கன்றைக் காலால் தொட்டுக் காட்டி, "ஜூன் மாதம் இந்தப் பக்கம் காற்று வரும், மழை எங்கே வரும்? கூடலூரில் வைத்திருந்தால் பிழைத்திருக்கும்" என்றார்.

நாங்கள் செய்த தவறுகள் எல்லாம் அவருடைய அந்த இரண்டு பேச்சில் இருந்தன. தென்மேற்குப் பருவமழை கூடலூர், பந்தலூர் பக்கம் கொட்டும். கிழக்குச் சரிவில் இருக்கும் கோத்தகிரிக்குப் பெரிய மழை அக்டோபர், நவம்பரில்தான். ஜூன் 5 நாட்காட்டியில் நல்ல நாள். எங்கள் மண்ணுக்கு நல்ல நாள் இல்லை. மழை இல்லாமல் இளைத்த கன்றுகளை டிசம்பர், ஜனவரி உறைபனி முடித்தது. மிச்சத்தைக் காட்டுமாடு மிதித்தது. சில்வர் ஓக் ஆஸ்திரேலியாவிலிருந்து தேயிலைக்கு நிழல் தரக் கொண்டு வந்த மரம். அதற்குச் சோலையில் இடமில்லை. எல்லாவற்றுக்கும் மேலாக, புல்வெளி என்பது மரம் இல்லாத வெற்றிடம் அன்று. 12 வருடத்துக்கு ஒருமுறை பூக்கும் குறிஞ்சி அங்கேதான் வாழ்கிறது. 2018-ல் பூத்தது, இனி 2030-ல் பூக்கும். அந்தச் சரிவில் மரம் வளர்த்து நிழல் போட்டால் குறிஞ்சிக்கு வெயில் எங்கே? அந்த 11 கன்றுகளையும் மறுமாதம் நாங்களே பிடுங்கினோம். அன்று மனது வலித்தது. ஆனால் அது சரியான வேலை என்பதில் இன்றும் எனக்குச் சந்தேகம் இல்லை.

ஆகவே இடம் பார்க்கும்போது, ஊரில் வயதானவர்களிடம் ஒரே கேள்வி கேளுங்கள்: இங்கே முன்பு என்ன இருந்தது? மூன்று பேரிடம் தனித்தனியாகக் கேளுங்கள். பதில் புல் என்றால் அங்கே மரம் வைக்காதீர்கள். சதுப்பு என்றால் வாய்க்கால் வெட்டித் தண்ணீரை வடியவிடாதீர்கள். தோடர்கள் தங்கள் கோயில் கூரை வேயும் புல் சதுப்பில் வளர்வது. சதுப்பு குறையக் குறைய அந்தப் புல்லைத் தேடி அவர்கள் வெகுதூரம் அலைகிறார்கள்.

அந்தத் தோல்விக்குப் பிறகு 62 பேர் 9 பேர் ஆனோம். அந்த 9 பேரில் கல்லூரியில் தாவரவியல் படித்த ஒரு பெண் இருந்தார். அவர்தான் சிட்னியைச் சேர்ந்த ஜோன், ஐலீன் பிராட்லி என்ற சகோதரிகளின் முறையைச் சொன்னார். 1960-களில் அந்த இரண்டு பெண்களும் தங்கள் வீட்டருகே இருந்த காட்டில் தினமும் நடந்து, கையாலேயே களை எடுத்துக் கண்டுபிடித்தது அது. விதிகள் மூன்றே. களை மண்டிய இடத்தில் ஆரம்பிக்காதே; காடு நன்றாக இருக்கும் இடத்திலிருந்து களையை நோக்கி வெளியே வா. மண்ணை முடிந்த அளவு கிளறாதே. காடு திரும்பி வளரும் வேகத்துக்கு மேல் களையை எடுக்காதே.

கேட்டதும் எங்களுக்கு ஏமாற்றமாக இருந்தது. எல்லோருக்கும் மோசமான இடத்தில் இறங்கிப் பளிச்சென்று சுத்தம் செய்யத்தான் கை துடிக்கும். ஆனால் ஒரு புதரை அடியோடு அழித்துவிட்டு மூன்று மாதம் போகாமல் இருந்தால், அங்கே பழையபடி உண்ணிச்செடியும் அதனோடு யூபடோரியம் என்ற களையும் முன்பைவிட அடர்த்தியாக நிற்கும். வெட்டவெளியும் கிளறிய மண்ணும் களைக்குப் போட்ட பாய் விரிப்பு. சோலையின் ஓரத்திலிருந்து பத்தடி அகலப் பட்டையாக மட்டும் எடுத்தோம். அந்தப் பட்டையை ஆறு மாதம் பார்த்த பிறகே அடுத்த பத்தடி. முதல் பட்டையில் நாங்கள் எதுவும் நடவில்லை. ஒன்றரை வருடத்தில் அங்கே நாவல் முளைத்தது, விக்கி முளைத்தது, காட்டுச் செண்பகம் இரண்டு முளைத்தன. சோலைக்குள் பழம் தின்ற பறவைகள் ஓரத்தில் வந்து உட்கார்ந்து போட்ட விதைகள். நோட்டில் அவற்றை "தானாக" என்று தனிப் பத்தியில் எழுதினேன். இன்று அந்தப் பத்திதான் நீளமானது.

உண்ணிச்செடியை எடுக்கும் விதத்தை இன்னும் கொஞ்சம் விரித்துச் சொல்ல வேண்டும். பல குழுக்கள் தோற்பது இந்த இடத்தில்தான்.

முதல் வருடம் அரிவாளால் தரை மட்டத்தில் வெட்டினோம். வெட்டிய ஒவ்வொரு கட்டையிலிருந்தும் பத்துத் தளிர் கிளம்பியது. பிறகு கடப்பாரையால் நெம்பி வேரோடு பெயர்த்தோம். மண் புரண்டு, புதைந்து கிடந்த விதை எல்லாம் முளைத்தது. டெல்லிப் பல்கலைக்கழகத்தின் சி.ஆர். பாபு என்ற அறிவியலாளர் இதற்கு ஒரு முறை வகுத்திருக்கிறார். தண்டு வேராக மாறும் இடத்தை, மண்ணுக்குக் கீழே இரண்டு விரல் ஆழத்தில் அறுக்க வேண்டும். தளிர் விடும் மொட்டுகள் அந்தக் கழுத்துப் பகுதியில்தான் இருக்கின்றன. அதற்குக் கீழே உள்ள வேர் தளிர்க்காது. அறுத்த செடியைத் தூக்கித் தலைகீழாகக் கவிழ்த்து வைக்க வேண்டும், தண்டு மண்ணைத் தொட்டு மறுபடியும் வேர்விடாமல் இருக்க.

படித்ததைச் செய்து காட்டியவர் லைன் வீட்டு அக்கா ஒருவர். இருபத்தைந்து வருடம் தேயிலை கவாத்து வெட்டியவர். என் பெற்றோரைப் போலவே அவருடைய குடும்பமும் 1964 சாஸ்திரி–சிறிமாவோ ஒப்பந்தத்துக்குப் பிறகு இலங்கையிலிருந்து திரும்பி வந்தது. நாங்கள் நான்கு பேர் ஒரு தூரோடு மல்லுக்கட்டுவதைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு புதருக்குள் நேராகக் கை விடாமல், ஒரு கவைக் கம்பால் தண்டுகளை ஒருபக்கமாகச் சாய்த்து அழுத்திக் காலால் மிதித்துக்கொண்டார். தூரைச் சுற்றிய மண்ணைக் களைக்கொத்தால் ஒரு கிண்ணம்போல் விலக்கினார். வெளிறிய மஞ்சள் நிறத்தில் வேர்க்கழுத்து தெரிந்தது. கவாத்துக் கத்தியைச் சாய்த்து இரண்டே இழுப்பு. "வெட்டாதீர்கள் தம்பி, அறுங்கள்" என்றார். பிறகு விலக்கிய மண்ணைக் காலால் திரும்பத் தள்ளி மிதித்துவிட்டார். அந்த இடத்தில் செடி இருந்த சுவடே தெரியவில்லை. அன்று முதல் புதிதாக வரும் எவருக்கும் முதல் பாடம் அவர்தான் எடுக்கிறார். அவருக்கு அன்றைய கூலியைக் குழுப் பணத்திலிருந்து கொடுக்கிறோம். தொண்டு வேலை என்பதற்காகக் கூலிக்காரரின் திறமையை இலவசமாகக் கேட்கக் கூடாது என்பது எங்கள் முதல் கூட்டத்திலேயே எடுத்த முடிவு.

கவிழ்த்த உண்ணிச்செடி காய்ந்ததும் குச்சிகளை விறகுக்காக லைன் வீடுகளுக்குக் கொடுத்துவிடுகிறோம். கூடலூர் பக்கம் பணியர், பெட்டக்குறும்பர், காட்டுநாயக்கர் கைவினைஞர்கள் இதே உண்ணிச்செடித் தண்டால் ஆளுயரத்தையும் தாண்டிய யானைகளைச் செய்கிறார்கள். 2021-ல் அவை லண்டன் பூங்காக்களில் நின்றன, 2024-ல் அமெரிக்கா போயின. அந்த அளவுக்கு எங்களிடம் கை இல்லை. ஆனால் எடுத்த களைக்கு ஒரு பயன் இருந்தால் ஊரார் அதைக் கேட்டு வாங்க வருவார்கள், வருகிறவர்களில் ஒருவராவது கத்தி எடுப்பார்.

விறகு என்றதும் நாங்கள் கிட்டத்தட்டக் குழுவையே இழக்க இருந்த ஒரு சம்பவத்தைச் சொல்ல வேண்டும். புல் மேட்டில் இருந்த சீகை மரங்களை எடுக்கத் திட்டம் போட்டோம். சீகை, விறகுக்கும் தோல் பதனிடும் பட்டைக்கும் என்று ஆஸ்திரேலியாவிலிருந்து கொண்டு வந்து நீலகிரியிலும் பழனி மலையிலும் பெருமளவு நட்ட மரம். அதன் விதை மண்ணுக்குள் பல பத்தாண்டுகள் உறங்கிக் கிடக்கும், தீ பட்டால் எழும். புல்வெளியை விழுங்குவதில் அதற்கு இணை இல்லை. எங்கள் பக்கம் நியாயம் இருந்தது. ஆனால் அந்தச் சீகையின் சுள்ளியை நம்பித்தான் லைன் வீட்டில் பதினான்கு அடுப்புகள் எரிந்தன என்பதை நாங்கள் யாரும் கேட்கவில்லை. ஒரு ஞாயிறு காலை ஆறேழு பெண்கள் கயிறும் கத்தியுமாக மேட்டில் வந்து நின்றார்கள். "காடு உங்களுக்கு ஞாயிற்றுக்கிழமை. எங்களுக்குத் தினமும்" என்றார் ஒரு அம்மா. பதில் சொல்ல ஒருவருக்கும் வாய் வரவில்லை.

அன்று வேலையை நிறுத்திவிட்டு அவர்களோடு உட்கார்ந்தோம். முடிவு இது: வளர்ந்த மரங்களைத் தொடுவதில்லை. புல்லுக்குள் புதிதாக முளைக்கும் சீகைக் குருத்துகளை மட்டும் மழை நாளில் கையால் பிடுங்குவது. மேட்டின் கீழ் ஓரத்தில், சோலையை ஒட்டி நிற்கும் சீகையை அப்படியே விட்டுவிடுவது. இந்தக் கடைசி விஷயம் பிறகு நன்மையாகவே முடிந்தது. அந்தச் சீகை நிழலில் இப்போது சோலைக் கன்றுகள் நிறைய முளைத்திருக்கின்றன. பழனி மலையில் பழைய சீகைத் தோட்டங்களுக்கு அடியிலும் சோலை மரங்கள் இப்படி எழுந்து வந்திருக்கின்றன. அந்நிய மரம் என்றாலே அறுத்துத் தள்ளு என்று யாராவது சொன்னால், முதலில் அதன் அடியில் குனிந்து பாருங்கள் என்பேன்.

எப்படியும் மரம் வெட்டுவது நம் இஷ்டம் இல்லை. 1955-ம் ஆண்டின் மலைப்பகுதி மரப் பாதுகாப்புச் சட்டப்படி, சொந்தப் பட்டா நிலத்தில் நிற்கும் மரத்தை வெட்டுவதற்கும் மாவட்ட ஆட்சியர் தலைமையிலான குழுவின் அனுமதி வேண்டும். காப்புக்காட்டுக்குள் அனுமதியின்றி நுழைந்தாலே குற்றம், விதை பொறுக்கப் போனாலும் சரி. எங்கள் இடம் வருவாய்த் துறைப் புறம்போக்கு. ஊர்க்கூட்டத்தில் முதலில் சொல்லி, ஹட்டித் தலைவரின் சம்மதத்தோடு கிராம நிர்வாக அலுவலர் வழியாக வட்டாட்சியருக்கு மனு, அதன் நகல் வனச்சரகருக்கு. எங்கள் மனு ஏழு மாதம் நகரவில்லை. அந்த ஏழு மாதமும் நாங்கள் செய்தது நாற்றங்கால் வேலை. அனுமதிக் கடிதத்தின் நகல் ஒன்று கருவிப் பெட்டியிலேயே பிளாஸ்டிக் உறையில் இருக்கிறது. வேலை நடக்கும்போது யார் வந்து கேட்டாலும் வாக்குவாதம் செய்யாமல் அதை எடுத்துக் காட்டுங்கள். மனுவில் என்ன எடுக்கப் போகிறோம் என்பதைப் போலவே எதை எடுக்க மாட்டோம் என்பதையும் எழுதுங்கள். அந்த ஒரு பத்தியைப் படித்த பிறகுதான் அலுவலரின் முகம் மாறியது.

நாளைப் பற்றி. ஒவ்வொரு மாதமும் இரண்டாவது ஞாயிறு, காலை ஏழு முதல் பத்து வரை. கல்யாணம், மழை, தேர்தல் எதற்காகவும் மாற்றுவதில்லை. இரண்டு பேர் வந்தாலும் நடக்கும். முதலில் ஆட்களின் வசதியைக் கேட்டுக் கேட்டு நாளை மாற்றினோம். யாருக்கும் எந்த நாள் என்று நினைவிருக்கவில்லை. இப்போது வாட்ஸ்அப்பில் அறிவிப்பு போடாவிட்டாலும் வருகிறார்கள். ஞாயிறு காலை சர்ச்சுக்குப் போகும் நான்கு குடும்பங்கள் வர முடியாது. அவர்கள் வாரநாள் மாலைகளில் நாற்றங்காலுக்குத் தண்ணீர் ஊற்றுகிறார்கள். உண்மையில் அது கடினமான பொறுப்பு.

மூன்று மணி நேரத்துக்கு மேல் வேலை வைக்காதீர்கள். எங்களில் பாதிப் பேர் ஆறு நாளும் நின்றுகொண்டு உழைப்பவர்கள். பத்து மணிக்கு டீயும் அவித்த உருளைக்கிழங்கும், சில மாதங்களில் வர்க்கி. டம்ளர் அவரவர் வீட்டிலிருந்து. நீலகிரியில் பிளாஸ்டிக் பைக்கு 2000-ம் ஆண்டு வாக்கிலேயே தடை வந்துவிட்டது. காட்டைச் சீர்செய்ய வந்தவர்கள் காகிதக் கப் போட்டுவிட்டுப் போனால் எப்படி இருக்கும்? அந்த அரை மணி நேரப் பேச்சில்தான் அடுத்த மாதம் யார் கயிறு கொண்டு வருவது, யார் பையனுக்குக் காய்ச்சல், யார் மூன்று மாதமாகக் காணோம் என்பதெல்லாம் தெரியவரும். காணாமல் போனவருக்கு நான் ஃபோன் செய்வேன். வேலைக்கு அழைப்பதற்காக அல்ல, நலம் விசாரிக்க. ஒரு குழுவுக்கு இப்படி ஃபோன் செய்யும் ஒருவர் இல்லையென்றால், பண உதவி எவ்வளவு இருந்தாலும் மூன்றாம் வருடத்தைத் தாண்டாது.

பணம் அதிகம் வேண்டியதில்லை. ஆளுக்கு மாதம் 50 ரூபாய், கொடுக்க முடிந்தவர்கள் மட்டும். வரவும் செலவும் ஒரே பக்கத்தில் எழுதி, டீ நேரத்தில் உரக்கப் படிப்பேன். இரண்டாம் வருடம் கணக்கை வாயால் மட்டும் சொல்லிக்கொண்டிருந்தபோது 1,400 ரூபாய்க்காக இரண்டு நண்பர்கள் பேச்சை நிறுத்திக்கொண்டார்கள். கடைசியில் அது கடப்பாரை வாங்கிய பில், ஒருவர் சட்டைப் பையில் இருந்தது. பெரிய தொகை வரும் வரை பதிவு வேண்டாம் என்று இருந்தோம். தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டம், 1975-ன்படி ஏழு பேர் சேர்ந்தால் மாவட்டப் பதிவாளரிடம் பதிவு செய்யலாம். ஆனால் பதிவு செய்த பிறகு ஆண்டுதோறும் பொதுக்குழு, தணிக்கைக் கணக்கு எல்லாம் ஒழுங்காகத் தாக்கல் செய்ய வேண்டும். அதைப் பார்த்துக்கொள்ள ஒருவர் கிடைத்த பிறகு செய்யுங்கள். வங்கிக் கணக்கில் எப்போதும் இரண்டு பேர் கையெழுத்து இருக்கட்டும்.

பெரிய நிறுவனங்கள் ஊழியர்களைப் பஸ்ஸில் ஏற்றிக்கொண்டு வருவதாகக் கேட்பார்கள். ஒருமுறை ஒத்துக்கொண்டோம். 80 பேர், ஒரே காலை, அவர்களுக்குக் கன்று நடும் படம் வேண்டும். நடுவதற்கு எங்களிடம் அன்று கன்றும் இல்லை, பருவமும் இல்லை. வற்புறுத்தலுக்கு இணங்கினோம். எண்பது ஜோடி காலணிகள் ஊற்றுக்கரையை மிதித்த சேறு ஆற இரண்டு மழைக்காலம் ஆனது. இப்போது ஒரு நாளைக்கு 15 பேருக்கு மேல் அனுமதிப்பதில்லை. கூடுதலாக வர விரும்புகிறவர்களை நாற்றங்காலில் பை நிரப்பச் சொல்கிறோம். ஆறு பேர் ஒரு மணி நேரத்தில் நிரப்பும் பைகள் எங்களுக்கு ஒரு வருடத்துக்குப் போதும்.

நாற்றங்கால் என் கடைக்குப் பின்னால் இருக்கும் பத்துக்குப் பன்னிரண்டு அடி இடம். சோலை மரங்களின் விதைகளில் பெரும்பாலானவற்றைக் காய வைத்து டப்பாவில் போட்டுச் சேமிக்க முடியாது, காய்ந்தால் செத்துவிடும். நாவல் வகைப் பழத்தைப் பொறுக்கினால் அன்றோ மறுநாளோ சதையைக் கழுவி விதைத்துவிட வேண்டும். விக்கி விதையின் ஓடு கல் மாதிரி. மாதக்கணக்கில் ஒன்றும் தெரியாது, பையைக் கொட்டிவிடாமல் காத்திருக்க வேண்டும். எஸ்டேட் ஓரங்களிலும் சாலையோரத்திலும் நிற்கும் தாய் மரங்களை ஒரு வரைபடமாகக் குறித்து வைத்திருக்கிறோம், எந்த மாதம் எது பழுக்கும் என்பதோடு. கன்று இரண்டு வருடமாவது பையில் வளர்ந்தால்தான் காட்டில் நிற்கும். அதற்குள் வேர் பையின் அடியில் சுருண்டுகொள்ளும். நடும்போது அந்தச் சுருளைக் கத்தியால் அறுத்துவிட வேண்டும், இல்லையென்றால் மரம் தன் வேராலேயே கழுத்து நெரிபடும். பாலித்தீன் பை வேண்டாம் என்று முதல் வருடம் மிச்சத் துணியில் 200 பைகள் தைத்தேன். எங்கள் ஈரத்தில் ஒரே பருவத்தில் மக்கிக் கிழிந்தன. பழைய பாலித்தீன் பைகளையே எண்ணிக் கொடுத்து எண்ணித் திரும்ப வாங்குகிறோம்.

நடவு அக்டோபர் முதல் இரண்டு மழைக்குப் பிறகு. எங்கும் திறந்த இடத்தில் வைப்பதில்லை. சோலை ஓரத்தில், ஏதாவது ஒரு புதரின் கிழக்கிலோ வடக்கிலோ. டிசம்பர் இரவுகளில் உறைபனி வரும்போல் இருந்தால் கன்றின் மேல் பெரணி இலையைக் கவிழ்த்து வைப்போம். வருடத்துக்கு 40 கன்றுகளுக்கு மேல் நடுவதில்லை. 40 கன்றுகளைத்தான் எங்களால் திரும்பப் போய்ப் பார்க்க முடியும்.

நோட்டில் எழுதும் முறையைச் சொல்கிறேன். ஒவ்வொரு கன்றின் அருகிலும் ஒரு மூங்கில் குச்சி, அதில் எண் பொறித்த அலுமினியத் தகடு. நட்ட மூன்றாம் மாதம், ஓராண்டு, மூன்றாண்டு, ஐந்தாண்டு என்று நான்கு முறை அளக்கிறோம். செத்தால் காரணம்: பனி, மாடு, வறட்சி, களை, தெரியவில்லை. மூன்று வருடக் காரணங்களைக் கூட்டிப் பார்த்தபோது பாதிக்கு மேல் "களை" என்று வந்தது. மாடுதான் எதிரி என்று வேலிக்குப் பணம் திரட்டிக்கொண்டிருந்தோம். அதை நிறுத்திவிட்டு, நட்ட கன்றைச் சுற்றி மூன்று மாதத்துக்கு ஒருமுறை முழங்கை வட்டம் களை எடுக்க ஆரம்பித்தோம். இழப்பு கண்ணெதிரே குறைந்தது. இதோடு, நான்கு பாறைகளில் பெயிண்டால் ஓர் அடையாளம் வைத்து, ஒவ்வொரு ஜனவரியும் அதே இடத்தில் நின்று அதே திசையில் ஒரு புகைப்படம். புதியவர்களுக்கு நான் பேசிப் புரியவைப்பதைவிட 2014 படத்தையும் இந்த வருடப் படத்தையும் பக்கத்தில் வைத்தால் போதும். தெரியாத செடி, பறவை என்றால் ஐநேச்சுரலிஸ்ட் செயலியில் படம் ஏற்றுகிறார்கள் எங்கள் பிள்ளைகள். நாட்டின் எங்கோ ஒரு மூலையில் இருப்பவர் பெயர் சொல்லிவிடுகிறார்.

ஆபத்துகளில் அலட்சியம் வேண்டாம். உண்ணிப் புதர் கரடிக்கும் காட்டுப்பன்றிக்கும் பகல்நேர வீடு. நுழைவதற்கு முன் ஐந்து நிமிடம் தகரத்தைத் தட்டிச் சத்தம் போட்டுவிட்டுக் காத்திருப்போம். காட்டுமாடு நின்றால் அன்று அந்தப் பக்கம் வேலை இல்லை, அதை விரட்டுவதும் இல்லை. கத்தி பிடித்த இருவருக்கு நடுவே எப்போதும் ஆறடி. மேலே மரத்தில் தேன்கூடு இருக்கிறதா என்று ஒருவர் முன்னால் போய்ப் பார்த்து வருவார். பச்சை நிறக் குழிவிரியன் கிளையோடு கிளையாகக் கிடக்கும், ஆகவே கை போகும் இடத்தில் முதலில் கம்பு போக வேண்டும். எங்கள் பள்ளத்தில் சிக்னல் கிடைக்காது. எந்தப் பாறையில் ஏறினால் 108-க்கு அழைக்க முடியும் என்பதை எல்லோருக்கும் காட்டி வைத்திருக்கிறோம். பள்ளிப் பிள்ளைகள் வந்தால் கத்தி வேலை இல்லை, சீகைக் குருத்துப் பிடுங்கலும் அளவெடுப்பும் மட்டும்.

கடைசியாக, வந்து போகும் எல்லோரும் கேட்கும் கையுறை. கடையில் விற்கும் தோட்டக் கையுறைகளை உண்ணிமுள் ஒரே நாளில் கிழித்துவிடுகிறது, மணிக்கட்டுக்கு மேல் கீறல் வேறு. பழைய ஜீன்ஸ் பேன்ட் ஒன்று போதும், ஒரு ஜோடி வரும். காலின் அடிப்பக்கத்திலிருந்து 18 அங்குலம் மேலே அளந்து குறுக்கே வெட்டுங்கள். பேன்ட்டின் கால் மடிப்பு முழங்கைப் பக்கம் வாயாக இருக்கட்டும், அதைப் பிரிக்கவே வேண்டாம். வெட்டிய பக்கம் கை. பக்கத் தையலை ஏழு அங்குலம் பிரித்து, துணியின் மேல் கையை விரித்து வைத்து, நான்கு விரலுக்கும் சேர்த்து ஒரே உறை, கட்டை விரலுக்குத் தனி உறை என்று சுற்றிலும் முக்கால் அங்குலம் விட்டு வரைந்து வெட்டுங்கள். தையல் முடிச்சு வெளிப்பக்கம் இருக்க வேண்டும், உள்ளே இருந்தால் அரை மணியில் விரல் கொப்பளிக்கும். உள்ளங்கையில் அதே துணியில் இன்னொரு தட்டு வைத்து, கட்டை விரல் இடுக்கில் மட்டும் மூன்று முறை தையுங்கள். கத்தியின் பிடி அழுத்துவது அங்கேதான், முதலில் பிரிவதும் அங்கேதான்.